பியூரெட்டிலிருந்து வேகச் சமன்பாடு வரை: பேட்ச் ரியாக்டர் தரவைக் கையாளும் முழு வழிகாட்டி

வேதிப்பொறியியல் ஆய்வகத்தில் பேட்ச் ரியாக்டர் சோதனையை முடித்தவர்களின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். ஒரு வரைபடத்தாள், ஒன்பது புள்ளிகள், நடுவே ஒரு நேர்கோடு, அடியில் ‘வினைப்படி = 2’. வினைவேகம் செறிவின் எத்தனையாவது அடுக்கைப் பொறுத்தது என்பதுதான் வினைப்படி. எப்படித் தெரியும் என்று கேட்டால் ‘கோடு நேராக வந்தது சார்’ என்பார்கள். நானும் ஒரு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதையேதான் சொன்னேன். சோதித்தது சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு), எஸ்டர் (எத்தில் அசிட்டேட்) இரண்டுக்குமான வினை. ‘சோடாவில் இரண்டாம் படி, எஸ்டரில் பூஜ்யப் படி என்று இருந்தாலும் இதே கோடுதானே வரும்?’ என்று எதிரே இருந்தவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் போட்டிருந்த கோட்டிலும் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு ஒரு சோதனையை எப்படித் திட்டமிடுவது, எப்படி நடத்துவது, எண்களை எப்படிப் பிழிவது என்பதுதான் இங்கே. எடுத்துக்கொள்ளும் வினை எத்தில் அசிட்டேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்து சோடியம் அசிட்டேட்டும் எத்தனாலும் தருவது. சோப்பு காய்ச்சுவதும் வேதியியலில் இதே வகைதான். வினையூக்கி வேண்டாம், வினை கிட்டத்தட்ட முழுதாக ஒரே திசையில் போகும், சாதாரண வெப்பநிலையில் அரை மணி, முக்கால் மணியில் முடியும், அளக்க ஒரு பியூரெட் (சொட்டுச் சொட்டாக விட்டு, விட்ட கன அளவைப் படிக்கும் அளவுக்குழாய்) போதும். பழகிக்கொள்ள இதைவிடத் தோதான வினை கிடைப்பது கடினம்.

முதலில் ஒரு சமன்பாடு

பேட்ச் ரியாக்டர் என்றால் ஒரு பாத்திரம். உள்ளே போட்டது உள்ளேயே இருக்கும்; வரத்தும் இல்லை, போக்கும் இல்லை. ஆகவே ஒரு பொருளின் மோல் எண்ணிக்கை எவ்வளவு விரைவாகக் குறைகிறதோ, அது வினைவேகத்தைக் கன அளவால் பெருக்கியதற்குச் சமம். நீர்க்கரைசலில் கன அளவு மாறாது. அதனால் செறிவு குறையும் விகிதமே வினைவேகம். வாயு வினையில், அதுவும் மோல் எண்ணிக்கை மாறும் வினையில், இந்தச் சுருக்கம் செல்லாது. அங்கே கன அளவை மாறாமல் பூட்டிவைத்து அழுத்தத்தைப் பின்தொடர வேண்டும்.

இங்கே ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். நடுநடுவே 10 மி.லி. மாதிரி எடுக்கிறோமே, அது கணக்கைக் கெடுக்காதா? கெடுக்காது. ஒரு குடம் மோரில் ஒரு டம்ளர் மொண்டால் மிச்ச மோரின் புளிப்பு மாறுவதில்லை. மோல் குறையும், செறிவு குறையாது.

இனி சோடாவின் செறிவை ‘செ’ என்றும், தொடக்கத்தில் இருந்ததை ‘செ₀’ என்றும், வினைவேகத்தைச் செறிவோடு இணைக்கும் வேக மாறிலியை ‘கே’ என்றும் எழுதுகிறேன். செறிவெல்லாம் மோல்/லிட்டரில், நேரம் நிமிடத்தில்.

படி 1: செறிவைத் தேர்ந்தெடுப்பது

கைக்கு வந்த பாட்டிலைத் திறந்து ஆரம்பித்துவிடக் கூடாது. 25 டிகிரி செல்சியஸில் இந்த வினையின் வேக மாறிலி சுமார் 0.11 லி./(மோல்·வினாடி), நிமிடக் கணக்கில் 6.5-ஐ ஒட்டி வரும். இரண்டு பொருளும் சம செறிவில் இருந்தால் அரைவாழ் காலம் (செறிவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 1/(கே × செ₀). கலந்த பின் செறிவு 0.1 என்றால் அது ஒன்றரை நிமிடம். பிப்பெட்டை உறிஞ்சி விடுவதற்குள் பாதி வினை முடிந்துவிடும். 0.02 என்றால் 7.7 நிமிடம்; இது கைக்கு அடங்கும். 0.002-க்கு இறங்கினால் 77 நிமிடம். நேரம் தாராளம்தான். ஆனால் அவ்வளவு நீர்த்த சோடாவில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதே பெரிய பிழையாகிவிடும்.

ஆகவே 0.02. அதற்கு 0.04 மோலார் சோடா 500 மி.லி., 0.04 மோலார் எஸ்டர் 500 மி.லி. தயாரித்துக் கலக்க வேண்டும். சோடா 0.8 கிராம். எஸ்டர் 1.76 கிராம், அதாவது ஏறக்குறைய 2 மி.லி. அந்த 2 மி.லி.-யில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எத்தில் அசிட்டேட் 77 டிகிரியில் கொதிப்பது. திறந்து வைத்தால் மணம் அறை முழுக்கப் பரவும், அந்த மணம்தான் உங்கள் செறிவு. ஆகவே மூடியுள்ள குடுவையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு எடைபோட்டு, அதற்குள் எஸ்டரை விட்டு மறுபடி எடைபோடுங்கள். கரைசலை அன்றன்றே தயாரியுங்கள். சோடாவை ஆக்சாலிக் அமிலத்துக்கு எதிராகத் தரம்பார்த்து (டைட்ரேட் செய்து), உண்மைச் செறிவை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நீர்த்த கரைசலில் இன்னொரு ஆதாயமும் உண்டு. இது வெப்பம் உமிழும் வினை. 0.02 மோலாரில் வினை முழுதும் நடந்தாலும் கரைசல் அரை டிகிரிகூடச் சூடாகாது. செறிவு 25 மடங்கு ஏறினால் வெப்பநிலை பல டிகிரி ஏறும். அப்புறம் ‘மாறா வெப்பநிலையில்’ என்று நோட்டில் எழுதுவதில் அர்த்தமில்லை.

படி 2: சோதனையை நடத்துவது

இரண்டு கரைசலையும் தனித்தனிக் குடுவையில் நீர்த்தொட்டிக்குள் கால் மணி நேரமாவது வைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். நம் ஊர் ஏப்ரல், மே மாதத்தில் குழாய்த் தண்ணீரே 30-ஐத் தாண்டியிருக்கும். ஐஸ் போட்டுப் போட்டு 25-இல் நிறுத்துவது பெரும் பாடு. அப்போது 35-ஐ அடிப்படையாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். சூடாக்குவது எளிது, குளிர்விப்பது கஷ்டம். ஆனால் 35-இல் வினை ஏறத்தாழ இரு மடங்கு விரைவு என்பதை நினைவில் வைத்து மாதிரி எடுக்கும் இடைவெளிகளைக் குறுக்குங்கள்.

ஒன்பது கூம்புக் குடுவைகளில் 15 மி.லி. 0.02 நார்மல் (இங்கே மோலாருக்குச் சமம்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை முன்கூட்டியே அளந்து, ஐஸில் வைத்துவிடுங்கள். மாதிரி இதில் விழுந்ததும் மிச்ச சோடாவை அமிலம் தின்றுவிடும். வினை அங்கேயே நின்றுவிடும். இந்த ஏற்பாடு இல்லையென்றால் தரம்பார்க்கும் நேரமெல்லாம் வினை நடந்துகொண்டே இருக்கும்.

சோடாவை எஸ்டருக்குள் ஊற்றிக் கலக்குங்கள். பாதி ஊற்றிய கணம் பூஜ்ய நேரம். 10 மி.லி. பிப்பெட் வடிய 15, 20 வினாடி ஆகும்; ஆகவே மாதிரியின் நேரமும் பாதி வடிந்த கணம்தான். இரண்டு நிமிட மாதிரியில் 10 வினாடிப் பிழை 8 சதவீதம். நாற்பது நிமிட மாதிரியில் அரை சதவீதம்கூட இல்லை. ஒருவர் கடிகாரத்தையும் ஒருவர் பிப்பெட்டையும் பார்த்துக்கொண்டால் நல்லது. 2, 4, 6, 8 என்று சரியாக எடுக்கத் துடிக்க வேண்டாம். 4 நிமிடம் 12 வினாடியில் எடுத்தீர்களா, 4.2 என்று எழுதுங்கள். நோட்டில் ‘4’ என்று அழகுபடுத்துவதுதான் தவறு.

நிறங்காட்டியாகப் பினால்ப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, 0.02 நார்மல் சோடாவால் தரம்பாருங்கள். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் போதும். அப்புறம் காற்று பட்டு வெளிறுவது இயல்பு, அதைத் துரத்திக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடாதீர்கள்.

படி 3: பியூரெட் அளவீட்டைச் செறிவாக்குவது

குடுவையில் இருந்த அமிலம் 15 × 0.02 = 0.30 மில்லிமோல். அதில் மாதிரியின் சோடா எடுத்துக்கொண்டது போக மிச்சத்தை பியூரெட் சொல்கிறது. பியூரெட் அளவு ‘ப’ மி.லி. என்றால்:

செ = 0.002 × (15 − ப)

கணக்குக்காக நான் அமைத்த மாதிரி எண்கள் கீழே. 25 டிகிரியில் உண்மையில் வரக்கூடியதை ஒட்டியே வைத்திருக்கிறேன், பியூரெட்டை 0.05 மி.லி. வரைதான் படிக்க முடியும் என்ற குறையும் இதில் உண்டு.

| நேரம் | பியூரெட் (மி.லி.) | செ | 1/செ |
|---|---|---|---|
| 0 | – | 0.0200 | 50.0 |
| 2 | 7.05 | 0.0159 | 62.9 |
| 4 | 8.45 | 0.0131 | 76.3 |
| 6 | 9.35 | 0.0113 | 88.5 |
| 8 | 10.10 | 0.0098 | 102.0 |
| 10 | 10.65 | 0.0087 | 114.9 |
| 15 | 11.60 | 0.0068 | 147.1 |
| 20 | 12.25 | 0.0055 | 181.8 |
| 30 | 12.95 | 0.0041 | 243.9 |
| 40 | 13.40 | 0.0032 | 312.5 |

எந்தச் சூத்திரத்தையும் தொடுவதற்கு முன் இந்த அட்டவணையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். செறிவு 0.02-இலிருந்து 0.01-க்கு வர 8 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து 0.005-க்கு வர இன்னும் 15 நிமிடத்துக்கு மேல். இரண்டாவது அரைவாழ் காலம் முதலாவதைப் போல இரு மடங்கு. முதல்படி வினையில் அரைவாழ் காலம் மாறவே கூடாது. பூஜ்யப் படியில் பாதியாகக் குறைய வேண்டும். இரண்டாம் படியில்தான் இரட்டிக்கும். பேனாவை எடுக்காமலே பாதி விடை வந்துவிட்டது.

படி 4: தொகையிட்டுப் பார்ப்பது

வழக்கமான வழி, ஒரு வினைப்படியை ஊகித்து, அதற்குரிய தொகையீட்டுச் சமன்பாட்டில் ஒவ்வொரு புள்ளியையும் போட்டுப் பார்ப்பது. வரைபடம் போடுவதற்கு முன்பே, ஒவ்வொரு புள்ளிக்கும் ‘கே’ கணக்கிட்டு வரிசையாக எழுதுங்கள். வரைபடத்தில் கண் ஏமாறும், எண்வரிசையில் ஏமாறாது.

முதல்படி என்று வைத்தால் இயல் மடக்கை(செ₀/செ) = கே × நேரம். 2 நிமிடத்தில் கே 0.115, 10-இல் 0.083, 20-இல் 0.065, 40-இல் 0.046. மாறிலி என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படிச் சரிந்தால் அது மாறிலி இல்லை.

இரண்டாம் படி என்று வைத்தால் (1/செ) − (1/செ₀) = கே × நேரம். வரிசை இது: 6.45, 6.58, 6.42, 6.50, 6.49, 6.47, 6.59, 6.46, 6.56. மேலும் கீழும் ஆடுகிறது, ஆனால் ஒரு பக்கமாகச் சாயவில்லை. சராசரி 6.50.

வினையைக் குறைந்தது 80 சதவீதம்வரை ஓடவிட வேண்டும் என்று சொல்வதற்குக் காரணமும் இங்கேதான். நம் தரவு 84 சதவீதம்வரை போகிறது. முதல் ஆறு நிமிடத்தோடு நிறுத்தியிருந்தால் முதல்படிக்கான கே 0.115, 0.106, 0.095 என்றுதான் வந்திருக்கும். ‘சோதனைப் பிழை’ என்று சொல்லி யாரும் கடந்துபோயிருக்கலாம். கோடு எவ்வளவு பொருந்துகிறது என்று எக்செல் காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.99 என்று பல்லிளிக்கும். அந்த எண்ணை நான் நம்புவதில்லை. வளைந்த கோட்டுக்கும் அது 0.98, 0.99 தரும்.

படி 5: வகையிட்டுப் பார்ப்பது

எந்தப் படியையும் ஊகிக்காமல் நேரே வினைப்படியைக் கண்டுபிடிக்க ஆசைப்பட்டால், அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கிடையே செறிவு எவ்வளவு குறைந்தது என்பதை இடைப்பட்ட நேரத்தால் வகுத்து வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். வேகத்தின் மடக்கைக்கும் சராசரிச் செறிவின் மடக்கைக்கும் இடையே வரும் கோட்டின் சாய்வே வினைப்படி. 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்ற வான்ட் ஹாஃப் காலத்திலிருந்து வரும் முறை.

கேட்க நன்றாக இருக்கிறது. செய்து பார்த்தால் எப்படி? முதல் இடைவெளியில் வேகம் 0.00205, சராசரிச் செறிவு 0.01795. கடைசி இடைவெளியில் 0.00009, 0.00365. இந்த இரண்டையும் சேர்த்தால் சாய்வு 1.96, அருமை. ஆனால் நடுவில் பக்கத்துப் பக்கத்து இடைவெளிகளை எடுத்துப் பாருங்கள்: 2–4, 4–6 ஜோடி 2.56 தருகிறது, 4–6, 6–8 ஜோடி 1.25, 6–8, 8–10 ஜோடி 2.36. ஒரே தரவுதான்! பியூரெட்டின் அரைச் சொட்டுப் பிழை, இரண்டு எண்களைக் கழிக்கும்போது பூதமாகிவிடுகிறது.

ஆகவே வகையீட்டு முறையை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது ‘2-க்கு அருகில்’ என்று சுட்டினால் தொகையீட்டு முறையில் உறுதி செய்யுங்கள். 1.87 என்று வந்ததை அப்படியே நோட்டில் எழுதிவிட்டு, அதற்கு ஒரு வினைவழிமுறையும் கற்பனை செய்வது வேண்டாத வேலை.

படி 6: வைவா கேள்விக்குப் பதில்

இதுவரை நிரூபித்தது மொத்த வினைப்படி 2 என்பதை மட்டும்தான். சம செறிவில் ஆரம்பித்ததால் சோடாவும் எஸ்டரும் கடைசிவரை ஒன்றாகவே குறைகின்றன. யார் எவ்வளவு பங்கு என்று இந்தத் தரவு சொல்லாது, சொல்லவும் முடியாது. இன்னும் நூறு புள்ளி எடுத்தாலும் அதே கதைதான். தேவை இன்னொரு ஓட்டம்.

எஸ்டரை மட்டும் இரட்டிப்பாக்குங்கள்: சோடா 0.02, எஸ்டர் 0.04. ஓட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே, சோடா பாதியாக எவ்வளவு நேரம் ஆகும் என்று மூன்று கட்சிக்கும் கணக்குப் போட்டுத் தாளில் எழுதிவிடுங்கள்.

இரண்டிலும் முதல்படி என்றால், சமமற்ற செறிவுக்கான தொகையீட்டுச் சமன்பாடு கே × நேரம் = (1/0.02) × இயல் மடக்கை(1.5) = 20.3 என்று தரும். 6.5-ஆல் வகுத்தால் 3.1 நிமிடம். வினைவேகம் சோடாவை மட்டும் (அதன் இருமடியை) சார்ந்தது என்றால் எஸ்டரைக் கூட்டியதால் ஒன்றும் நடக்காது, பழைய 7.7 நிமிடமே. எஸ்டரின் இருமடியை மட்டும் சார்ந்தது என்றால் 1.3 நிமிடம்.

3.1, 7.7, 1.3. மூன்றும் தள்ளித் தள்ளி நிற்கின்றன. பியூரெட் எவ்வளவு மோசமாக இருந்தாலும், கடிகாரம் அரை நிமிடம் பிசகினாலும், எது உண்மை என்பதில் குழப்பம் வராது. இந்த வினை 3.1 பக்கம்தான் நிற்கும்; இரண்டிலும் தனித்தனியே முதல்படி என்பது நன்கு நிலைநாட்டப்பட்டது. ஒரு ஓட்டத்தில் இருபது புள்ளி எடுப்பதைவிட, ஊகங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும்படி இன்னொரு ஓட்டம் வைப்பது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

பாடத்தில் சொல்லும் ‘மிகைச் செறிவு’ முறையும் உண்டு: எஸ்டரைப் பத்து மடங்கு போட்டு, அதன் செறிவு மாறாதது போல ஆக்கி, வினையைப் போலி முதல்படியாக்குவது. 1850-இல் ஜெர்மன் அறிஞர் வில்ஹெல்மி கரும்புச் சர்க்கரையின் நீராற்பகுப்பை ஒளிச்சுழற்சி மூலம் பின்தொடர்ந்தபோது முதல்படி விதி கிடைத்ததும் தண்ணீர் அபரிமிதமாக இருந்ததால்தான். ஆனால் நம் வினையில் சோடா 0.02, எஸ்டர் 0.2 என்று போட்டால் அரைவாழ் காலம் 32 வினாடி! பிப்பெட்டால் பிடிக்க முடியாது. அதற்குக் கடத்துத்திறன் அளவி வேண்டும்.

கடத்துத்திறன் பற்றி ஒரு வார்த்தை. ஹைட்ராக்சைடு அயனி மின்சாரத்தை வேகமாகக் கடத்துவது. அதன் இடத்துக்கு வரும் அசிட்டேட் மந்தமானது. வினை முடியும்போது கரைசலின் கடத்துத்திறன் ஆரம்பத்தில் இருந்ததில் சுமார் 37 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இடைப்பட்ட அளவை அப்படியே செறிவாக மாற்றலாம். மாதிரி எடுக்க வேண்டாம், பத்து வினாடிக்கு ஒரு புள்ளி கிடைக்கும். வெப்பநிலையில் மட்டும் கண்ணாக இருக்க வேண்டும். கடத்துத்திறன் டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் மாறும்.

படி 7: வேக மாறிலியும் அதன் பிழையும்

வினைப்படி தெரிந்துவிட்டது. இனி கே-யின் மதிப்பு. 1/செ-க்கும் நேரத்துக்கும் கோடு போட்டு சாய்வை எடுப்பது எல்லோரும் செய்வது. அதில் இரண்டு குறிப்புகள்.

முதலாவது, கோட்டை 50 என்ற புள்ளி வழியாக வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள். பூஜ்ய நேரத்தில் 10 வினாடி பிசகியிருந்தால் கோடு 49 அல்லது 51-இல் வெட்டும், சாய்வு மாறாது. வெட்டும் இடத்தை விட்டுவிட்டால் அந்தப் பிழை அங்கேயே கழிந்துவிடும். கட்டிப்போட்டால் சாய்வுக்குள் புகுந்துவிடும்.

இரண்டாவது, எல்லாப் புள்ளிக்கும் சம மரியாதை கிடையாது. பியூரெட்டில் 0.05 மி.லி. தவறினால் செறிவில் 0.0001 பிழை, எல்லா மாதிரிக்கும் இதே அளவுதான். ஆனால் தலைகீழாக்கியதும் நிலைமை மாறுகிறது. 2 நிமிடப் புள்ளியில் 1/செ-யின் பிழை 0.4, 40 நிமிடப் புள்ளியில் கிட்டத்தட்ட 10. சாதாரணக் கோடு இந்தக் கடைசிப் புள்ளியின் பின்னால்தான் ஓடும், ஏனென்றால் அது தூரத்தில் இருக்கிறது.

தனித்தனிப் புள்ளியில் கே-யின் சதவீதப் பிழையைக் கணக்கிட்டால் இன்னொன்று தெரியும்: 2 நிமிடத்தில் 3.1, 8 நிமிடத்தில் 2.0, 40 நிமிடத்தில் 3.7. பாதி வினை முடிந்த இடத்தில்தான் பிழை மிகக் குறைவு. ஆகவே மதிப்பைத் துல்லியமாக்க அரைவாழ் காலத்தைச் சுற்றி மாதிரிகளை நெருக்கமாக எடுங்கள். வினைப்படியைச் சோதிக்கக் கடைசிவரை போங்கள். இரண்டு வேலைக்கும் இரண்டு இடம்.

கணினி இருந்தால் தலைகீழாக்கவே வேண்டாம். எக்செலில் ஒரு நெடுவரிசையில் செ₀/(1 + கே × செ₀ × நேரம்) என்று கணித்த செறிவை எழுதி, அளந்ததோடு வித்தியாசத்தை இருமடியாக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாகும் கே-யைத் தேடும்படி எக்செலின் சால்வர் கருவியிடம் சொல்லுங்கள். பைத்தான் தெரிந்தவர்களுக்கு நான்கு வரி வேலை. நம் தரவில் கே = 6.5 என்று வைத்தால் வித்தியாசங்கள் எல்லாம் 0.00007-க்குள் அடங்குகின்றன, பியூரெட் பிழையைவிடக் குறைவு. கூட்டல், கழித்தல் குறிகளும் கலந்தே வருகின்றன. முதலில் எல்லாம் கூட்டல், பிறகு எல்லாம் கழித்தல் என்று வந்தால், எண்கள் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சமன்பாடு தப்பு.

புள்ளிகளின் சிதறலை மட்டும் பார்த்து 6.50 ± 0.02 என்று எழுதத் தோன்றும். நீர்த்தொட்டி அரை டிகிரி விலகியிருந்தால் கே 3 சதவீதம் மாறும் என்பது நினைவிருந்தால் கை வராது. 6.5 ± 0.2 என்பதே நேர்மையான எண்.

கோடு வளைந்தால்

வளைந்த கோட்டைப் பார்த்ததும் வினைப்படியை 2.2 என்று மாற்றுகிறவர்கள் உண்டு. அதற்கு முன் எஸ்டர் பாட்டிலைச் சந்தேகியுங்கள். எஸ்டர் 5 சதவீதம் ஆவியாகி 0.019 ஆகிவிட்டது, நீங்கள் மட்டும் 0.02 என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். இரண்டாம் படிச் சூத்திரம் 4 நிமிடத்தில் 6.1 தரும், 40 நிமிடத்தில் 5.4. சோடாவில் கொஞ்சம் எதிராளி இல்லாமல் மிஞ்சிப்போவதால் வேகம் குறைவது போலத் தோன்றுகிறது. மருந்து எளிது: ஒரு மாதிரியை அமிலத்தில் விடாமல் மூடி வைத்து மறுநாள் தரம்பாருங்கள். சோடா மிஞ்சியிருந்தால் அதுதான் வித்தியாசம். அந்த எண்ணைப் போட்டுச் சமமற்ற செறிவுச் சமன்பாட்டில் கணக்கை மீண்டும் செய்யலாம், சோதனையைத் திரும்பச் செய்யத் தேவையில்லை.

வேறு வினைகளில் வால் படுத்துக்கொள்வதற்குச் சமநிலையும் காரணமாகலாம். அசிட்டிக் அமிலமும் எத்தனாலும் சம மோலில் சேரும் எஸ்டராக்கல் மூன்றில் இரண்டு பங்கோடு நின்றுவிடும். அங்கே மீள்வினையையும் சமன்பாட்டில் சேர்க்காமல் எந்தக் கோடும் நேராகாது.

படி 8: வெப்பநிலை

அர்ரீனியஸ் 1889-இல் தந்த சமன்பாடு இன்றும் அப்படியே உதவுகிறது: கே-யின் இயல் மடக்கையை 1/வெப்பநிலைக்கு (கெல்வினில்) எதிராக வரைந்தால் நேர்கோடு; சாய்வை, கழித்தல் குறியை விட்டுவிட்டு, 8.314-ஆல் பெருக்கினால் கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை).

25 டிகிரியில் 6.5, 40 டிகிரியில் 16.4 என்று கிடைத்தால், இயல் மடக்கை(16.4/6.5) = 0.9255. 1/298.15 − 1/313.15 = 0.0001607. வகுத்தால் 5760, பெருக்கினால் 47.9 கிலோஜூல்/மோல். இந்த வினைக்கு எதிர்பார்க்கும் அளவுதான். கெல்வினில் 0.15-ஐ விட்டாலும் பெரிதாகக் கெடாது. செல்சியஸிலேயே போட்டுவிட்டால்தான் விபரீதம், அதுவும் ஆண்டுதோறும் நடக்கிறது.

வெப்பநிலைகளை நெருக்கமாக வைக்காதீர்கள். கே-யில் 5 சதவீதப் பிழை இருந்தால், 15 டிகிரி இடைவெளியில் கிளர்வு ஆற்றலிலும் சுமார் 5 சதவீதம்தான். 25, 30 என்று 5 டிகிரி இடைவெளியில் நின்றுவிட்டால் அது 16 சதவீதமாகும். மூன்று வெப்பநிலையாவது வேண்டும். இரண்டு புள்ளி வழியாக எப்போதும் நேர்கோடு வரும், அதில் பெருமை ஒன்றும் இல்லை. மேலே போகும்போது செறிவைக் கவனியுங்கள்: 40 டிகிரியில் 0.02-க்கு அரைவாழ் காலம் 3 நிமிடம்தான், 0.01-க்கு மாறுவது நல்லது.

கடைசியாக ஒரு ஓட்டம்

கையில் இப்போது முழுச் சமன்பாடு இருக்கிறது. இதுவரை தொடாத நிலையில் ஒரு சோதனை வையுங்கள்: 32 டிகிரி, இரண்டும் 0.01. சமன்பாட்டின்படி கே 10.1, முக்கால் பங்கு வினை முடிய 3/(10.1 × 0.01), அதாவது ஏறக்குறைய 30 நிமிடம். அப்போது எடுக்கும் 10 மி.லி. மாதிரியில் சோடா 0.0025 இருக்க வேண்டும்; பியூரெட் 13.75 காட்ட வேண்டும். இந்த எண்ணை முதலில் நோட்டில் எழுதிவிட்டுக் கடிகாரத்தை அமுக்குங்கள். 13.70-க்கும் 13.80-க்கும் இடையே நின்றால் பிப்பெட்டைக் கழுவி வைக்கலாம். 13.5-இல் நின்றால் கே 22 சதவீதம் குறைவு என்று பொருள்; ஏறக்குறைய 4 டிகிரி குளிர்ச்சிக்குச் சமம். தொட்டியில் இருக்கும் தெர்மாமீட்டரை எடுத்து ரியாக்டருக்குள் வைத்துப் பாருங்கள்.